வேலூரில் காற்று வாங்கிய கதை

புதன், காட்பாடி

சைக்கிளைப் பையில் போட்டு ரயிலில் கொண்டுவருவது ஒரு தனிக் கலை. இரண்டு சக்கரங்களையும் கழற்ற வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பி வைக்க வேண்டும். பின் கியர் தொங்கும் இடத்தில் பழைய துண்டைச் சுற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கிலிக் கிரீஸ் பக்கத்துப் பயணியின் வேட்டியில் படாமல் காக்க வேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். "உள்ளே என்னம்மா, கீபோர்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே அந்த நேரம் போய்விட்டது. ஒருவர் மட்டும் பையைப் பார்த்ததும் "ரேஸ் சைக்கிளா? எத்தனை கியர்?" என்றார். நல்ல மனிதர், அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையே கதி என்று ஓட்டிக்கொண்டிருந்ததில் கால்கள் சமதரைக்கு அடிமையாகிவிட்டன. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம்தான். மலையும் எதிர்க்காற்றும் சேர்ந்து வேண்டுமானால் பழைய வடாற்காட்டுக்குத்தான் வர வேண்டும். 1989இல் அந்த மாவட்டத்தைப் பிரித்தார்கள். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரித்தார்கள். சைக்கிளில் போகிறவளுக்கு மூன்றிலும் ஒரே வெயில்தான்.

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியம்மா மகள் இங்கே திருவலம் சாலையோர ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சனிக்கிழமை நடக்கும் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் பந்தயத்துக்குப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு, எனக்குப் போன் செய்து, "சித்தி, நீங்கள் வந்தே ஆக வேண்டும்" என்றாள். அக்காவோ என்னைக் கண்டதும் "காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. நீ வேறு வந்து தூபம் போடாதே" என்றாள். சொல்லிக்கொண்டே நான்காவது தோசையையும் தட்டில் போட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பந்தயத்தைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை ஆளுக்கு 250. இந்தியாவில் செய்த, சாதாரணக் கைப்பிடி உள்ள சைக்கிள்தான் ஓட்ட வேண்டும், கியர் கூடாது என்பது விதி. இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பெரியவர்கள் பந்தயத்தில் அப்பாவின் பணப்பை பாதி தூரம் ஓட்டிக் கொடுத்துவிடும். இங்கே அதற்கு வழியில்லை.

அக்கா மகளிடம் இருப்பது அரசு கொடுத்த பள்ளி சைக்கிள். சாப்பிட்டு முடித்ததும் அதைத் திண்ணையில் தலைகீழாக நிறுத்திப் பற்களை எண்ணினோம். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். என் சைக்கிளில் கடைசிக் கியருக்குப் போட்டால் ஒரே சுற்றுக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் போகும். அவளால் அது முடியாது. வேகம் வேண்டுமானால் கால் இன்னும் விரைவாகச் சுற்ற வேண்டும், வேறு வழியே இல்லை. சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினேன். தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் சீட்டு தாழ்ந்தே இருக்கிறது. தரையில் இரு பாதமும் ஊன்ற வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால் மடங்கியே மிதித்தால் பலம் எங்கிருந்து வரும்? சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டோம். மணி, ஸ்டாண்டு, பின் கேரியர் மூன்றையும் கழற்றிப் பரண்மேல் வைத்தோம்.

"பையன்களுக்கு 20 கிலோமீட்டர், எங்களுக்கு மட்டும் ஏன் 15?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒலிம்பிக்கில் 1896 முதல் ஆண்களுக்குச் சைக்கிள் பந்தயம் இருக்கிறது. பெண்களுக்கு வாய்த்தது 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸில்தான். 79.2 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பந்தயத்தில் அமெரிக்காவின் கான்னி கார்ப்பென்டர், தன் நாட்டுக்காரியான ரெபெக்கா ட்விக்கைக் கடைசிக் கோட்டில் அரைச் சக்கரம்கூட இல்லாத இடைவெளியில் வென்றார். கோட்டை நெருங்கும்போது கைகளை நீட்டிச் சைக்கிளை முன்னால் தள்ளினார், அவ்வளவுதான் வித்தியாசம். 2024 பாரிஸில் பெண்களின் தூரம் 158 கிலோமீட்டர், ஆண்களுக்கு 273. வட்டத் தடத்திலேயே சுற்றி ஓட்டும் தடப் பந்தயத்தில், எதிரெதிர்ப் பக்கத்தில் தொடங்கி ஒருவரையொருவர் துரத்தும் தனிநபர் பர்சூட் பெண்களுக்கு மூன்று கிலோமீட்டராகவே வெகுகாலம் இருந்தது. 2025இல்தான் ஆண்களைப்போல நான்காக்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் எங்களுக்கு 20 வருவதற்குள் நான் காலேஜ் முடித்துவிடுவேன்" என்றாள்.

வியாழன், திருவலம் சாலை

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நான், அக்கா மகள், எதிர் வீட்டுப் பெண். எதிர் வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு, அதே பந்தயம், அதே அரசு சைக்கிள். ஆனால் இருவரும் ஒரு நாளும் சேர்ந்து ஓட்டியதில்லையாம். பள்ளிக்கு ஒன்றாகப் போவார்கள், பேசிக்கொண்டே. பயிற்சி என்றால் தனித்தனிதான். ஒருத்தி மாடு கட்டிவிட்டு வருவாள், இன்னொருத்தி தண்ணீர் பிடித்துவிட்டு வருவாள். நேரம் ஒத்துப்போவதில்லை.

போகும்போது இருவரும் பறந்தார்கள். பல்கலைக்கழகம் தாண்டி, தோப்புகள் தாண்டி, பொன்னையாற்றுப் பாலம் வரை மூச்சு வாங்கவே இல்லை. "சித்தி, நாங்கள் இவ்வளவு வேகமா!" என்று அக்கா மகள் கத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆவணி முடியும்வரை இந்தப் பக்கத்தில் மேற்குக் காற்று ஓயாது. காட்பாடியிலிருந்து திருவலம் போகிறவனுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். கணக்குத் தீர்ப்பது திரும்பும்போதுதான்.

திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயில் வாசலில் சற்று நின்றோம். பாடல் பெற்ற தலம். இங்கே நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்திருக்கும். காஞ்சனகிரி அசுரனை விரட்டத் திரும்பியது என்று தலபுராணம் சொல்கிறது. எதிரி எந்தப் பக்கம் என்று தெரிந்து நிற்கிற நந்தி. எங்கள் எதிரி மேற்கில் இருந்தான்.

திரும்பிய இரண்டாவது கிலோமீட்டரிலேயே இரு பெண்களின் முகமும் மாறிவிட்டது. வேகம் பாதியாகியிருந்தது. தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து, ஆளுக்கொரு ஓரமாகப் போராடினார்கள். அப்போதுதான் நிறுத்திப் பாடத்தைத் தொடங்கினேன்.

சைக்கிள் பந்தயத்தின் சூட்சுமம் எல்லாம் இதுதான். சமதரையில் வேகம் கூடக்கூட, கால் பெரும்பாலும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது. முன்னால் ஒருத்தி காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டி வருகிறவளுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்புவரை மிச்சமாகும். ஓட்டுகிறவர்கள் இதை 'வீல் பிடிப்பது' என்பார்கள். ஆகவே இரண்டு பேர் முறைவைத்து முன்னால் வந்தால், இருவரில் பலசாலி தனியாகப் போவதைவிட வேகமாகப் போகலாம். முன்னால் இருப்பவள் தன் முறை முடிந்ததும் முழங்கையை லேசாக ஆட்டிக்காட்டி ஓரமாக ஒதுங்க வேண்டும். பின்னால் இருப்பவள் அதே வேகத்தில் முன்னே வர வேண்டும். இங்கேதான் எல்லாரும் கெடுக்கிறார்கள். முன்னிடம் கிடைத்ததும் உற்சாகத்தில் இரண்டு மிதி அழுத்திவிடுவார்கள். ஒதுங்கியவள் ஏற்கெனவே களைத்திருப்பாள், அவளால் ஒட்டிக்கொள்ள முடியாது. கூட்டணி அங்கேயே உடைந்துவிடும்.

ஒரு முழம் என்றதும் எதிர் வீட்டுப் பெண் மறுத்துவிட்டாள். "பிரேக் பிடித்தால் மோதிவிடுவேன்." பயம் இயல்புதான். முன்சக்கரத்தையே பார்க்காதே, முன்னால் போகிறவளின் இடுப்பைப் பார், அவள் மிதிப்பதை நிறுத்தப்போகிறாள் என்பதை இடுப்பு முன்கூட்டியே சொல்லிவிடும் என்றேன். முதலில் நான் முன்னால் போனேன், இருவரும் பின்னால். பிறகு அவர்களே மாறி மாறி. மூன்று முழம் இரண்டானது, இரண்டு ஒன்றானது. சேர்க்காட்டுப் பக்கம் வரும்போது எதிர் வீட்டுப் பெண் "சித்தி, இங்கே காற்றே இல்லை!" என்று கூவினாள். என் சக்கரத்துக்குப் பின்னால்தான் இருந்தாள். காற்று முழுவதும் எனக்கு.

நடுவில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் எங்கள் வேகத்துக்கே இணையாக வந்து, "எவ்வளவு ஸ்பீடு? எங்கே போகிறீர்கள்? வீடு எங்கே?" என்று மூன்று கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். இப்படிப்பட்ட இணைப் பயணத்தால்தான் பெண் பிள்ளைகளின் பயிற்சி பாதியில் நின்றுபோகிறது. பையன்கள் பத்துப் பேராகச் சேர்ந்து ஊர் சுற்றியே வீல் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நம் பெண்களுக்குக் கால் பலம் குறைச்சல் இல்லை. தண்ணீர்க் குடத்தைப் பின்னால் வைத்து மிதித்த கால்கள். சேர்ந்து ஓட்ட ஒரு கூட்டம் இல்லை, அதுதான் குறை. தனியாக எவ்வளவு ஓட்டினாலும் பந்தயம் ஓட்ட வராது.

மாலையில் ஜோலார்பேட்டைத் தோழி வந்து சேர்ந்தாள். ரயில்வேயில் வேலை, தடப் பந்தயக்காரி. என்னுடன் பழைய பந்தயங்களில் ஓட்டியவள். தன் தடச் சைக்கிளையும் கொண்டுவந்திருந்தாள். பள்ளி மைதானத்தில் இறக்கியதும் சிறுமிகள் மொய்த்துவிட்டார்கள். பிரேக் எங்கே என்று தேடினார்கள். பிரேக் கிடையாது, கியர் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அக்கா மகள் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வழக்கம்போல் மிதிப்பதை நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. முரட்டுக் கழுதை உதைத்ததுபோல் அவளைச் சீட்டிலிருந்து தூக்கிப் போட்டது. விழவில்லை, எப்படியோ பிடித்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் அவளாகவே வேகத்தைக் காலால் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டாள்.

டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய 250 மீட்டர் மரத்தடத்தைப் பற்றித் தோழி சொன்னாள். வளைவுகள் நாற்பது பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். கீழே நின்று அண்ணாந்தால் சுவராகத் தெரியும். மெதுவாகப் போனால் டயர் வழுக்கிக் கீழே வந்துவிடும், வேகமாகப் போகிறவளைத்தான் அந்தச் சுவர் தாங்கும். ஸ்பிரிண்ட் பந்தயத்தில் இரண்டே பேர். முன்னால் போகிறவளுக்குக் காற்று, பின்னால் இருப்பவளுக்கு வசதி. அதனால் முதலில் யாரும் முன்னால் போக விரும்புவதில்லை. சில சமயம் இருவரும் சைக்கிளை அசையாமல் நிறுத்திக்கொண்டு, நீ போ, நீ போ என்று காத்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், ஓட்டுகிறவர்களுக்குத் தொடை எரியும். பெண்கள் ஸ்பிரிண்ட் 1988 சியோலில்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தது. 2012 லண்டனில்தான் தடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பந்தய எண்ணிக்கை சமமானது. அந்தமானின் டெபோரா ஹெரால்டு பற்றியும் பேச்சு வந்தது. 2004 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த சிறுமி, பிறகு இந்தியாவுக்காகத் தடத்தில் ஓட்டினார்.

யோசித்துப் பார்த்தால் சனிக்கிழமைப் பந்தயமும் பாதி தடப் பந்தயம்தான். எல்லாருக்கும் ஒரே பல். கியரை மாற்றித் தப்பிக்க முடியாது. யார் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதுதான் மீதி.

வெள்ளி, ஏலகிரி

அதிகாலை ரயிலில் நானும் தோழியும் ஜோலார்பேட்டை போய், பொன்னேரி அடிவாரத்திலிருந்து ஏறினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். மூச்சுத் திணறும் நேரத்தில் படிப்பதற்கு நல்ல ஏற்பாடு. கபிலர் வளைவில் பேச்சு நின்றது. ஔவையார் வளைவில் தோழி பின்தங்கினாள். அவள் ஸ்பிரிண்ட்காரி. இருநூறு மீட்டருக்கு வளர்த்த தொடையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது சுலபமில்லை. பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனானாம். அவன் வளைவு வந்தபோது எனக்கும் அதே எண்ணம்தான், கொடுக்க ஒரு கொடிகூட அகப்படவில்லை.

மலையில் வேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்றுக்கு வேலை குறைவு, அடுத்தவள் பின்னால் ஒளிந்தும் பெரிய பயனில்லை. உடம்பு எடையும் மூச்சும்தான் கணக்கு. முன்னால் 34 பல், பின்னாலும் 34 பல், இரண்டும் சமம். அதற்குமேல் இறக்கக் கியர் கிடையாது. பந்தயத்துக்கு மலை எப்படி வேண்டுமோ அப்படி இருந்தது. கடைசி வளைவுகளில் எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன். நெஞ்சு ஒத்துழைத்தது, முழங்கால் முனகியது.

மேலே தேநீர் குடிக்கும்போது ஒரு குரங்கு என் ஜெர்சியின் முதுகுப்பக்கப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துப்போனது. ஜெர்சியின் பின்பைகள் பந்தயத்தில் கைக்கு எட்டுவதற்காகத் தைத்தவை. யார் கைக்கு என்று தைத்தவர் யோசிக்கவில்லை.

இறக்கம்தான் ஆபத்து. வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்பே பிடித்து விட்டுவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்தி, கண்ணை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். பஸ் வருகிறதா என்று காதுதான் பார்க்க வேண்டும். இரண்டு பஸ்கள் வந்தன.

திரும்பும் ரயிலில் ஆம்பூரிலேயே இறங்கிவிட்டோம். காரணம் சொல்லத் தேவையில்லை. சீரகச் சம்பா, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய். விளையாட்டு உணவு நிபுணர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆம்பூருக்கு அவர்கள் வந்ததில்லை என்று நினைக்கிறேன். பிறகு மேற்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் கிழக்கே திரும்பினோம். தோல் தொழிற்சாலை வாடை தாண்டும்வரை இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மிதித்தோம். வேகத்துக்கு அது ஒரு காரணம்.

இரவு, அக்காவின் மாமியார் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பந்தயம் என்பதால் இரு பெண்களுக்கும் தூக்கம் வரவில்லை. பெரில் பர்ட்டன் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் காய்கறிப் பண்ணையில் கூலி வேலை செய்த பெண். 1967இல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்றில் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர் ஓட்டினார். ஆண்களில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மைக் மக்நமாராவைத் தாண்டும்போது, அவருக்கு ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார். அந்தத் தூரத்தை எட்ட ஆண்களுக்கு இரண்டு வருடம் ஆனது. பெண்களில் அதை முறியடிக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாட்டி இலையை வெட்டிக்கொண்டே கேட்டார், "அதற்குக் கூலி எவ்வளவு கொடுத்தார்கள்?"

"ஒன்றும் இல்லை பாட்டி. கடைசிவரை தொழில்முறையாக ஓட்டவே இல்லை."

"அப்போது பண்ணை வேலையை விடாமல் இருந்தது நல்லதுதான்" என்று நூலைச் சுற்றினார்.

பிறகு டோக்கியோ கதை. 2021இல் நடந்த அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தொடக்கத்திலேயே சிலருடன் கூட்டத்தை விட்டு ஓடினார். கடைசி 40 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் குழுவிலிருந்து தகவல் சொல்லும் ரேடியோ காதில் கிடையாது. முன்னால் இன்னும் ஒருத்தி போகிறாள் என்பதே பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக வந்த அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் தானே வென்றதாக நினைத்துக் கையை உயர்த்திக் கொண்டாடினார். "நாளைக்கு யாராவது தனியாக முன்னால் போனால், எத்தனை பேர் என்று எண்ணி வையுங்கள்" என்றாள் தோழி.

சனி, பந்தயம்

காலை ஆறரைக்கே மைதான வாசலில் திருவிழாக் கூட்டம். பள்ளிச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் என்று ஒவ்வொரு மேசையிலும் வரிசை. ஒரு பெண்ணின் சைக்கிள் கைப்பிடி வளைந்ததாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் அண்ணன் எங்கிருந்தோ பால்காரர் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலேயே ஓட்டினாள்.

17 வயதுக்கு உட்பட்ட பெண்கள், 15 கிலோமீட்டர். பாதித் தூரத்தில் ஒரு டிரம்மைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே மூச்சில் பாய்ந்தார்கள். எல்லாப் பள்ளிப் பந்தயங்களும் இப்படித்தான் தொடங்கும், முதல் கிலோமீட்டரிலேயே பரிசு கொடுப்பதுபோல. பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நல்ல உயரம், ரிப்பனை இறுகக் கட்டியவள், காற்று முதுகில் இருந்ததால் தனியாகப் பறந்துவிட்டாள். நானும் தோழியும் திருப்பத்துக்கு அருகே நின்றிருந்தோம். டிரம்மை அவள் சுற்றும்போது பின்னால் யாருமே இல்லை. எங்கள் பெண்கள் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வந்தார்கள். ஆனால் சேர்ந்து வந்தார்கள்.

"முன்னால் நான்கு பேர்!" என்று தோழி கத்தினாள். அக்கா மகள் விரலைக் காட்டினாள். நான்கு. எண்ணித்தான் வைத்திருந்தாள்.

அதன்பிறகு நடந்ததை முதலுதவி வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். எதிர்க்காற்று தன் வேலையைத் தொடங்கியிருந்தது. முன்னால் தனித்தனியாகப் போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். இவர்கள் முழங்கை ஆட்டி, ஒதுங்கி, ஒட்டி, மறுபடி முன்னால் வந்து, சீராக வந்துகொண்டிருந்தார்கள். வேகமே தெரியவில்லை, இடைவெளி குறைவது மட்டும் தெரிந்தது. ஒருத்தியைத் தாண்டினார்கள். இன்னும் இருவரைத் தாண்டினார்கள், அவர்களில் ஒருத்தி கெட்டிக்காரி, பின்னால் ஒட்டிக்கொண்டாள். மூன்று கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது உயரமான பெண்ணையும் பிடித்துவிட்டார்கள். நான் ஸ்கூட்டரின் பின்சீட்டில் எழுந்தே நின்றுவிட்டேன். தோழி திட்டினாள்.

அந்த உயரமான பெண்ணைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தாள். சோர்ந்து தலையைத் தொங்கப்போடவில்லை. எங்கள் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஓர் அரைக் கிலோமீட்டர் கவனித்தாள். பிறகு எதிர் வீட்டுப் பெண்ணின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை ஆட்டியபோது முன்னால் வரவே இல்லை. ஒரு முறைகூட வரவில்லை! யாரும் சொல்லிக்கொடுக்காமலே கடைசி இரண்டு கிலோமீட்டரும் நிழலில் இளைப்பாறினாள். முந்நூறு மீட்டர் மிச்சமிருக்கும்போது வெளியே வந்தாள், எழுந்து நின்று மிதித்தாள், போய்விட்டாள்.

முதல் இடம் அவளுக்கு. ஒட்டிக்கொண்டு வந்த கெட்டிக்காரி இரண்டாவது. அக்கா மகள் மூன்றாவது. எதிர் வீட்டுப் பெண் நான்காவது, 250 ரூபாய்.

இறங்கியதும் அக்கா மகளுக்குக் கோபம். "அவள் ஏமாற்றிவிட்டாள் சித்தி! ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை." தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஏமாற்று இல்லை, அதுதான் பந்தயம். நீங்கள் இருவரும் முறைவைத்தீர்கள், அவள் வாங்கிக்கொண்டாள். அடுத்த முறை வேகத்தைக் குறைத்து அவளை முன்னால் தள்ளு, அல்லது ஒருத்தி திடீரென்று பாய்ந்து அவளைத் துரத்த வை, இன்னொருத்தி அவள் பின்னால் உட்காரட்டும். இதைக் கேட்டதும் இருவர் முகத்திலும் கோபம் போய் ஒரு கள்ளப் புன்னகை வந்தது.

பரிசுப் பணத்தில் அடுத்த தகராறு. தொழில்முறைக் குழுக்களில் பரிசை எல்லாருமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள், வென்றவளுக்காகக் காற்று வாங்கியவளுக்கும் உண்டு என்றேன். 2,000, 250 இரண்டையும் கூட்டிச் சரிபாதி என்று முடிவானது. அக்கா கேட்டுவிட்டு, "படிப்பில் இந்தக் கணக்கெல்லாம் வராது" என்றாள். ஆனால் மாலையில் தெருமுனைக் கடைவரை போய் யார் யாரிடம் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிறு, கோட்டை

இன்று ஓய்வு. பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி மெதுவாக ஓட்டினோம். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று இந்த ஊரைச் சொல்லும் பழைய வசனம் ஒன்று உண்டு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், அந்த வரி தள்ளுபடி. வசனத்தின் மிச்சத்தில் பெண்களைப் பற்றியும் ஒரு வரி வரும். சொன்னவன் எந்தப் பந்தயத்துக்கும் வந்து பார்க்காதவன். எடைதூக்குதலில் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற ஊர் இது. ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து எடை தூக்கினால் பதினொன்றாவது ஆள் தானாக வருவான். சைக்கிளுக்கும் அப்படி ஒரு பத்துப் பேர் வேண்டும், அதில் பெண்கள் வேண்டும்.

உயரமான பெண்ணின் எண்ணைத் தோழி நேற்றே வாங்கி வைத்திருந்தாள். இன்று அவளும் அவள் அம்மாவும் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். அம்மா கேட்டதெல்லாம் நேரடியான கேள்விகள். ஹெல்மெட் எவ்வளவு? காலையில் எத்தனை மணிக்கு? கூட ஒரு பெரியவர் வருவாரா? ஜோலார்பேட்டைக்காரி வாரம் ஒரு நாள் வருவதாக ஒத்துக்கொண்டாள். ஞாயிறு காலை ஐந்தரை, திருவலம் பாலம்வரை. மூன்று பேர், ஒரே வரிசை, முறைவைத்து. முன்னால் வராமல் ஏய்க்கிறவள் அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்த விதியைச் சேர்த்தவள் அக்கா மகள்.

பிறகு டெல்லி மரத்தடத்தின் படத்தைத் தோழி போனில் காட்டினாள். உயரமான பெண் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதில் விழுந்தால் என்ன ஆகும் அக்கா?"

"மரச் சிராய் ஏறும். எங்கே ஏறும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் உட்கார முடியாது."

"பரவாயில்லை. அந்த ஒரு வாரமும் நின்றுகொண்டே ஓட்டுகிறேன்" என்றாள்.